பாட்டு முடிந்தால்தான் பாண்

பூநகரிப் பக்கத்தில் பாண் விற்கிறவர்களுக்குள் எழுபது பேரை வேலைக்கு வைத்திருந்தவன் யோகநாதன் ஒருவன்தான். எழுபது பேருக்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, திருவிழாவுக்கு லீவும் கிடையாது. வயலின்காரர் ஒரு பட்டாளம், செலோக்காரர் ஒரு வரிசை, புல்லாங்குழல், எக்காளம், ஆளுயர முரசு என்று ஒரு முழு மேற்கத்திய வாத்தியக் குழு. அத்தனை பேரும் ஒரு பழைய லப்டொப்புக்குள் இருந்தார்கள். மகள் யதுர்ஷிகா வவுனியாவுக்குப் படிக்கப் போகும்போது புதியது ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டில் விட்டுப்போன லப்டொப் அது. மூடி தானாக நிமிர்ந்து நிற்காது. பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணியை முட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளியில் யோகநாதன், கனகலிங்கத்தாரின் பேக்கரியில் வேகிற பாணையும் பணிஸையும் கண்ணாடிப் பெட்டியில் ஏற்றித் தெருத் தெருவாக விற்கிற பாண் ஓட்டோ ஓடுகிறவன். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், போ என்றால் போக வேண்டும். லப்டொப்பைத் திறந்தால் மட்டும் அவன் முதலாளி. அங்கே அவன் நில் என்றால் எழுபது பேரும் நிற்பார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன சுகம் வேண்டும்?

இந்த வியாதி அவனுக்கு வந்ததற்குக் காரணம் பாண் மெட்டு. இந்த நாட்டில் எந்த மூலையில் பாண் ஓட்டோ போனாலும், பாண் வந்துவிட்டது என்று சொல்ல ஸ்பீக்கரில் போவது அந்த ஒரே மெட்டுத்தான். மூக்கடைத்த பொம்மை ஒன்று கீச்சுக் கீச்சென்று அழுகிற மாதிரி இருக்கும். வாங்குகிற சனத்துக்கு அது ஒரு நிமிஷத் தொல்லை. ஓட்டுகிறவனுக்கோ விடியவும் பின்னேரமும் காதுக்குப் பக்கத்தில் அதே கீச்சு. யோகநாதன் பல் தீட்டினாலும் அந்தத் தாளத்தில்தான் தீட்டினான். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டாலும் முருகனுக்குப் பின்னால் அந்த மெட்டுத்தான் ஓடியது. இதை மாற்றாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும் என்று ஒருநாள் முடிவு கட்டினான்.

பாண்காரனுக்கு மத்தியானம் சும்மா கிடக்கும். காலைப் பாண் முடிந்து பின்னேரப் பாண் தொடங்கும்வரை வேலை இல்லை. அப்படியொரு மத்தியானத்தில்தான் இசையமைக்கிற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கித் திறந்து பார்த்தான். திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள். அவனுக்கு உடனே பேக்கரித் தட்டு ஞாபகம் வந்தது. நீளமான கட்டையை வைத்தால் நீளமான சத்தம், அது றாத்தல் பாண். சின்னதை வைத்தால் சின்னச் சத்தம், அது பணிஸ். மேல் தட்டில் வைத்தால் கீச்சு, கீழ்த் தட்டில் வைத்தால் உறுமல். இவ்வளவும் விளங்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மிச்சம் விளங்க ஒன்றரை வருஷம் சென்றது.

அவனுக்குப் பாடம் சொன்னவர் இணையத்தில் வருகிற ஒரு வழுக்கைத் தலை வெள்ளைக்காரர். அவர் கதைக்கிற இங்கிலீசு யோகநாதனுக்குக் கால்வாசிதான் பிடிபடும். ஆனால் அவர் முகத்தைச் சுளித்தால் பிழை, கண்ணை மூடித் தலையாட்டினால் சரி என்று கண்டுபிடித்துவிட்டான். ஒருநாள் அவர் தன் மூக்கையும் நெஞ்சையும் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார். மூன்றாம் தரம் பார்த்தபோதுதான் விளங்கியது. குழல் ஊதுகிறவன் மனிசன், அவனுக்கு மூச்சு விட இடம் வைக்க வேண்டும். யோகநாதன் ஓடிப்போய்த் தன் பாட்டைப் பார்த்தான். புல்லாங்குழல்காரன் முதல் நிமிஷம் முழுக்க ஒரே மூச்சில் ஊதிக்கொண்டிருந்தான். உண்மையான ஆளாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பாடை கட்டியிருக்க வேண்டும். "மன்னிச்சுக் கொள்ளும் ஐசே" என்று வாய்விட்டே சொல்லி, நடுவில் நாலைந்து இடத்தில் கட்டையை வெட்டினான். அன்றிலிருந்து எழுபது பேருக்கும் இளைப்பாற இடம் கொடுத்தான். பெரிய பித்தளைக் குழல்காரன் ஒருவன் மட்டும் மற்றவர்களை அமுக்கிக்கொண்டு கத்தியபடியால், ஒரு பாடத்துக்காக இரண்டு கிழமை வாயைக் கட்டிப் போட்டான்.

இப்படித்தான் நாலு நிமிஷப் பாட்டு ஒன்று உருவாகியது. பாட்டு என்றால் சொல் இல்லை, வாத்தியம் மட்டும். பரந்தனிலிருந்து பூநகரிக்கு வருகிற தெருவை விடிய எழும்பி ஓட்டினவனுக்கு அது என்னவென்று தெரியும். முதலில் இருட்டும் காற்றும். பிறகு ஒரு மாடு. பிறகு எங்கோ ஒரு வீட்டு விளக்கு. கனதூரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் திடீரென்று கடல்நீரேரி முழுக்க வெளிச்சம். வெளிச்சம் வருகிற இடத்தில் எழுபது பேரும் சேர வேண்டும். அங்கேதான் சிக்கல். எழுபது பேரும் ஒன்றாகத் தொடங்கினால் லப்டொப் நெல்லுக் குத்துகிற மெசின்போல இரைந்து திரை உறைந்துவிடும். ஆகவே முடிவை மட்டும் அவன் கேட்டுக் கேட்டு எழுதவில்லை. குத்துமதிப்பாகக் கட்டைகளை அடுக்கி, பாட்டாக மாற்ற லப்டொப்புக்குச் சொல்லிவிட்டு, சோற்றைத் தின்றுவிட்டு வந்து கேட்டான். சத்தம் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

பாட்டு முடிந்தது. கேட்க ஆள் இல்லை.

மனைவி விமலேஸ்வரிக்கு முதலில் போட்டுக் காட்டினான். அவள் கையில் கத்தரிக்காயோடு வந்து நின்றாள். பத்துச் செக்கன் போயிருக்காது.

"நல்லாயிருக்கு" என்றாள்.

"இன்னும் தொடங்கவே இல்லை விமலா. உது காத்து மட்டும்தான்."

"காத்தும் நல்லாத்தான் இருக்கு. அடுப்பில சட்டி வைச்சிட்டு வந்தனான்" என்று குசினிக்குள் போய்விட்டாள்.

மகளுக்குப் போனில் அனுப்பினான். நாலு நிமிஷப் பாட்டுக்கு அரை நிமிஷத்தில் கட்டைவிரல் வந்தது. பிரான்சில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பினான். அவர் பதிலுக்குத் தன் கோயில் தேர் ஓடிய படங்களை அனுப்பினார். யோகநாதனுக்குப் புகழ்ச்சி வேண்டாம். மாலை, மேடை ஒன்றும் வேண்டாம். யாராவது ஒரு ஆள், ஒரேயொரு ஆள், தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து கேட்க வேண்டும். அந்த ஆசை அவனுக்குள் பசி மாதிரி இருந்தது. வீட்டில் நடக்காத காரியத்தைத் தெருவில் நடத்தலாம் என்று எண்ணி, ஓட்டோ ஸ்பீக்கரிலிருந்து அந்த மூக்கடைத்த பொம்மையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் பாட்டை ஏற்றினான்.

இந்த இடத்தில் அவன் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க அறிவிப்பார்கள். முதலில் சோகமாக ஒரு வாத்தியம் கொஞ்சநேரம் போகும். அதன் பிறகுதான் ஆள் இன்னார், கிரியை இத்தனை மணிக்கு என்று குரல் வரும். மெல்ல ஊர்ந்து வருகிற ஓட்டோ, அதற்குள்ளிருந்து அழுகிற வாத்தியம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் சங்கதி தெரியும்.

அன்று காலை யோகநாதன், செலோக்கள் அடி வயிற்றிலிருந்து முனக, பரமன்கிராய் ஊருக்குள் ஊர்ந்து வந்தான். சனம் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் வந்து நின்றது. ஆம்பிளைகள் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். யோகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு ரசனையுள்ள ஊரிலா நான் இவ்வளவு காலமும் கீச்சு மெட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்று தன்னையே நொந்துகொண்டான். படலையிலிருந்து யாரோ, "ஆர் தம்பி மோசம் போனது?" என்று கத்தினார்கள். ஸ்பீக்கர் இரைச்சலில் அவனுக்கு அது கேட்கவில்லை. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக் கையசைத்தான்.

செத்தவீடு சொல்ல வந்தவன் சிரித்துக்கொண்டு போகிறானே என்று சனம் திகைத்தது. அவன் ஓட்டோ சங்கிலியரின் ஒழுங்கைக்குள் திரும்பியதும் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. சங்கிலியர் இரண்டு மாதமாகப் பாயும் படுக்கையுமாகக் கிடந்த மனிதர். ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பியதற்குக் காரணம் அவருடைய மருமகள் தினமும் மீன் வைத்த மாலுபாண் எடுக்கிறவள் என்பது மட்டும்தான். அதை அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

அடுத்த ஒழுங்கைகளைச் சுற்றி யோகநாதன் திரும்பி வரும்போது சங்கிலியர் வீட்டு வாசலில் லாண்ட் மாஸ்டர் உழவு மெசினில் பிளாஸ்ரிக் கதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பந்தல்காரன் தடி நாட்டக் குழி பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சேலையோடு நாலு பெண்கள் ஒப்பாரிக்கு மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே விறாந்தையில் சங்கிலியர் எழும்பியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எல்லாரும் ஒண்டா வாறியள்? ஆர் செத்தது?" என்றார்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் உண்மையை மறைக்கத் தெரியாதவள்.

"நீங்கள் எண்டுதான் சொன்னவை, மாமா."

சங்கிலியர் கோபிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "வராத ஆக்கள் ஆரார் எண்டு பாத்து வை பிள்ளை. கனகலிங்கத்தைக் காணேல்லை. அவன்ர வீட்டில எத்தினை செத்தவீட்டுக்கு நான் போனனான்!" என்றார். அன்று முதல் அவர் எழும்பி நடமாடத் தொடங்கினார் என்பது ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயம். ஆனால் பாண் ஒன்றும் விற்கவில்லை. தட்டுகள் போனபடியே பேக்கரிக்குத் திரும்பின.

கனகலிங்கத்தார் பேக்கரி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"உமக்கென்ன விசரோ? பாண் விக்கப் போனனீரோ, ஆக்களைச் சாக்காட்டப் போனனீரோ?"

"அது முதலாளி, ஒரு புது மெட்டு..."

"மெட்டு! இன்னொரு முறைப்பாடு வந்துதோ, ஓட்டோத் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போம். ஓட ஆள் இருக்கு."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பழைய மெட்டுக்குத் திரும்பியிருப்பான். யோகநாதன் திரும்பவில்லை. பாட்டின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டான். செலோக்களைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, புல்லாங்குழலை முன்னுக்குக் கூப்பிட்டு, வயலின்காரர்களை வில்லைக் கீழே வைத்து விரலால் தந்தியைச் சுண்டச் சொன்னான். இருட்டும் காற்றும் போய், மாட்டோடு தொடங்கியது பாட்டு. துள்ளலான மாடு. இரண்டு கிழமைக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. இது பாண் ஓட்டோதான், ஒருவரும் சாகவில்லை என்று விளங்கியதும் சனம் பையோடு ஓடி வந்தது.

அதுவே புதுச் சனியனாகிப் போனது. புல்லாங்குழல்காரன் முதல் மூச்சை விட முன்னமே ஆட்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்களோடு கதைக்க, கேட்டதை எடுத்துக் கொடுக்க, பாட்டை நிற்பாட்ட வேண்டும். மாடு இரண்டு அடி வைத்ததும் நிற்பாட்டு. அடுத்த வீட்டில் திரும்ப முதலிலிருந்து மாடு. திரும்ப நிற்பாட்டு. ஊர் முழுக்க மாட்டை மட்டும் கேட்டது. விளக்கையும் வெளிச்சத்தையும் கேட்டது ஆளில்லாத வயல்வெளியும் இரண்டு கொக்கும்தான். பாட்டு நன்றாக வேலை செய்யச் செய்ய, அதைக் கேட்கிறவர்கள் குறைந்துகொண்டு போனார்கள். இப்படியொரு அநியாயம் உலகத்தில் வேறு எந்த இசைக்காரனுக்காவது நடந்திருக்குமா என்று யோகநாதன் மனம் வெந்தான்.

ஒரு பின்னேரம் ஞானிமடத்தில் சுரேகா என்ற பெண் பையோடு ஓடிவந்து நின்றாள். அன்று ஏனோ பாட்டை நிற்பாட்ட அவனுக்குக் கை வரவில்லை. பாண் பெட்டியின் கண்ணாடிக் கதவைப் பிடித்து இழுக்கிற மாதிரிப் பாசாங்கு செய்தான்.

"என்னண்ணை, திறபடுதில்லையோ?"

"ஓம் தங்கச்சி" என்றான். அதற்கு மேல் அவன் யோசித்துச் சொன்னதில்லை, நாக்கு தானாகச் சொன்னது: "இது புதுப் பூட்டு. பாட்டோட சேத்து வைச்சிருக்கினம். பாட்டு முடிஞ்சால்தான் திறபடும்."

"ஏனாம் அப்பிடி?"

"அடிக்கடி திறந்தால் பாண் ஆறிப்போகுமாம். எல்லாம் கொம்பியூட்டர் வேலை."

சுரேகா தலையாட்டினாள். முகத்தைக் காட்டினால் போன் திறக்கிற காலம். பாட்டு முடிந்தால் பாண் பெட்டி திறக்காதா? அவள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். மாடு போனது, விளக்கு வந்தது, தெரு நீண்டது, வெளிச்சம் கொட்டியது. கடைசி முரசு விழுந்த கணத்தில் யோகநாதன் விரலைக் கொழுவிக் கதவை இழுத்தான். டக்கென்று திறந்தது.

"சோக்கான பூட்டு" என்றாள் சுரேகா.

பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை. நின்றாளே!

அடுத்த நாளிலிருந்து எல்லா இடத்திலும் பூட்டுத்தான். சனம் முணுமுணுத்தது, கம்பனிக்காரரைத் திட்டியது, ஆனால் நின்றது. சிலர் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டார்கள். சிலர் பக்கத்து வீட்டுக் கதையை முடித்தார்கள். யோகநாதன் கதவைத் துடைக்கிற சாட்டில் ஓட்டோவின் பக்கக் கண்ணாடி வழியாக எல்லா முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஜெயபுரத்தில் பிரதீபன் என்ற மேசன் எக்காளம் வருகிற இடத்தில் கால் பெருவிரலை ஆட்டியதை ஒருநாள் கண்டான். அந்த ஒரு விரலை நினைத்து நினைத்து ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தான்.

ஒரு ஆளுக்குத்தான் அவன் பயந்தான். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற தங்கம்மா. அவன் வழியில் ஆகக் கூடப் பாண் எடுக்கிறவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் கனகலிங்கத்தார் அந்த வழிக்கு ஓட்டோ விடுவதில் அர்த்தமே இல்லை. தங்கம்மா இடுப்பில் ஒரு கையை ஊன்றி, நாலு நிமிஷமும் அசையாமல் ஓட்டோவை முறைத்துக்கொண்டு நிற்பார். வெற்றிலை இல்லை, கதை இல்லை. கடைசி முரசு விழுந்ததும் ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பாணை எடுத்துக்கொண்டு போவார். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு முறைப்பாடு வரப்போகிறது என்று யோகநாதன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

முறைப்பாடு அங்கிருந்து வரவில்லை. பாராட்டு வடிவத்தில் வேறு இடத்திலிருந்து வந்தது. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கனகலிங்கத்தாரைக் கண்டு, "அண்ணை, உங்கட பாண் ஓட்டோவுக்குப் போட்ட பூட்டு எங்க எடுத்தனீங்கள்? எனக்கும் ஒண்டு வேணும், கடை அலுமாரிக்கு" என்று கேட்டார்.

"என்ன பூட்டு?" என்றார் கனகலிங்கத்தார்.

அன்று பின்னேரம் தங்கம்மாவின் கடைக்கு முன்னால் ஒரு சின்ன வரிசை நின்றது. பாட்டு மூன்றாம் நிமிஷத்தில், ஒன்றுமில்லாத நீளத் தெருவில் போய்க்கொண்டிருந்தது. கனகலிங்கத்தார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நேராக ஓட்டோவுக்குப் போய் ஒற்றை விரலைக் கொழுவி இழுத்தார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. யோகநாதன் சட்டென்று பாட்டை நிற்பாட்டினான்.

"எங்க ஐசே பூட்டு?"

யோகநாதன் கதவைத் துடைக்கிற துணியை எடுத்து மடித்தான். காது மடல் இரண்டும் கொதித்தன. வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"சனத்தைத் தெருவில மறிச்சு வைச்சுப் பேய்க்காட்டுறீர் என்ன? தாரும் திறப்பை."

யோகநாதன் ஓட்டோவின் சாவித்துளையிலிருந்து திறப்பைக் கழற்றினான். இனி ஓட்டோ இல்லை. அதைவிட, இனி நிற்க ஒருவரும் இல்லை. கனகலிங்கத்தார் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பாட்டை ஏன் நிப்பாட்டினனீ?" என்று ஒரு குரல் கேட்டது. தங்கம்மா.

"அக்கா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ..."

"மன்னிப்பு ஆர் கேட்டது? கடைசித் துண்டு இன்னும் வரேல்லை."

"அக்கா, உங்களுக்கு விளங்கேல்லைப் போல" என்றார் கனகலிங்கத்தார். "பூட்டு எண்டு ஒண்டு இல்லவே இல்லை. இவன் உங்களை ஏமாத்தினவன்."

"அது எனக்கு முதல் நாளே தெரியும். உந்தப் பள்ளத்தில ஓட்டோ விழுந்து கதவு தானாத் திறபட்டு, ரெண்டு பணிஸ் என்ர வாசல்ல உருண்டது. நாய்தான் திண்டது."

"எனக்கும் தெரியும்தான்" என்று வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது!" என்று இன்னொருவர் கத்தினார். அவர் நிஜமாகவே கோபமாக இருந்தார். "நான் வீட்டில போய் அந்தப் பூட்டைப் பற்றி எவ்வளவு விளக்கம் சொன்னனான் தெரியுமே!"

கனகலிங்கத்தார் தங்கம்மாவைப் பார்த்தார். "தெரிஞ்சுகொண்டு ஏன் நாலு நிமிஷம் நிண்டனீங்கள்?"

"இண்டைக்கெண்டாலும் கடைசியைத் திருத்திக்கொண்டு வருவான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். திருத்துறான் இல்லை." தங்கம்மா யோகநாதன் பக்கம் திரும்பினார். "இஞ்ச பார் தம்பி. முதல்ல எல்லாம் நல்லாத்தான் வருது. ஆறுதலா வருது, வெளிக்குது, இப்ப வரப்போகுது வரப்போகுது எண்டிருக்கு. பேந்து எல்லாரும் சேந்து டமார் எண்டு அடிச்சுப்போட்டு ஓடிப் போறாங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போறவை மாதிரி. ஏன் அவங்களுக்கு அவ்வளவு அவசரம்? வெளிச்சம் எண்டால் கொஞ்சநேரம் நிக்க வேண்டாமோ?"

யோகநாதன் வாயைத் திறந்தான். அதற்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி. சோற்றைத் தின்றுவிட்டு வந்து கேட்ட அந்த முடிவை ஒரு ஆள், ஒவ்வொரு நாளும், கடைசிவரை நின்று கேட்டுப் பிழை பிடித்திருக்கிறார்! கனகலிங்கத்தார் ஓரடி பின்னுக்கு வைத்தார். இவனுக்கு உண்மையிலேயே விசர் தட்டிவிட்டது என்று நினைத்தார் போல.

"போடு திரும்ப" என்றார் தங்கம்மா. "கனகலிங்கமும் கேட்டுச் சொல்லட்டும்."

"எனக்கு உதெல்லாம் விளங்காது அக்கா."

"காது இருக்குத்தானே? அதுசரி, அவனிட்டத் திறப்பை வாங்கினால் எனக்கு நாளையிலயிருந்து உம்மட பாண் வேண்டாம். இப்பவே சொல்லிப்போட்டன்."

பாட்டு முதலிலிருந்து போனது. கதவு திறந்தபடி கிடந்தது. பணிஸ் எல்லாம் கைக்கெட்டின தூரத்தில் இருந்தும் ஒருவரும் எடுக்கவில்லை. கனகலிங்கத்தார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரசங்கத்துக்கு வந்து மாட்டுப்பட்டவர் மாதிரி நாலு நிமிஷமும் நின்றார். முடிந்ததும் பெரிய சண்டை. முரசைக் குறைக்க வேணும் என்றார் ஒருவர். முரசுதான் நல்லது, உந்தக் கீச்சுக் குழலை எடு என்றார் மற்றவர். பூட்டில் ஏமாந்தவர், முழுப் பாட்டுமே சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு றாத்தல் பாண் எடுத்துக்கொண்டு போனார்.

கனகலிங்கத்தார் மோட்டார் சைக்கிளில் ஏறினார். நீட்டின கையை எப்போது மடக்கினார் என்று யோகநாதனுக்குத் தெரியாது.

"பூட்டு எண்டு மட்டும் இனி ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு, போகிற போக்கில், "அக்கா சொல்லுறது சரிதான். கடைசி கொஞ்சம் அவசரம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

யோகநாதன் வீட்டுக்கு வரும்போது விமலேஸ்வரி படலையிலேயே நின்றாள். சங்கதி ஓட்டோவை முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

"முதலாளி சந்தியில வைச்சு ஏசினவராம்?"

"ஓம்."

"தங்கம்மாக்காவும் பேசினவாவாம்?"

"ஓம் ஓம். முடிவு சரியில்லையாம்! கடைசி பஸ் பிடிக்க ஓடுற மாதிரி இருக்காம்!"

லொத்தர்ச் சீட்டு விழுந்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான். விமலேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஊருக்கு நடுவில் குறை கேட்டுவிட்டு வந்து இவ்வளவு பூரிக்கிற மனிதனை அவள் கண்டதில்லை. அவன் கால் முகம் கழுவாமல் லப்டொப்பைத் திறந்து, பேணியை முட்டுக் கொடுத்து, முடிவுக்கு அடுக்கின கட்டைகளை ஒரேயடியாக அழிக்கக் கையை வைத்தான்.

"பொறுங்கோ" என்றாள் விமலேஸ்வரி. "அவா சொன்னவுடன அழிக்கிறதோ? என்ன பிழை எண்டு நானும் ஒருக்காக் கேக்கிறன்."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். புருஷன் செய்ததில் பிழை இருக்கிறது என்று ஊரில் வேறொரு பெண் கண்டுபிடித்திருக்கும்போது எந்தப் பெண்சாதிதான் அடுப்பைப் பார்க்கப் போவாள்? யோகநாதன் பாட்டைத் தட்டிவிட்டான். அவளைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்துச் செக்கன் போனது. ஒரு நிமிஷம் போனது. குசினியில் ஏதோ கருகுகிற மணம் வந்தது. கதிரை அசையவில்லை. கடைசி முரசு விழுந்தது.

"அவா முடிவை மட்டும்தானே சொன்னவா?" என்றாள் விமலேஸ்வரி.

"ஓம்."

"நடுவிலயும் ஒரு இடம் பிழை."

யோகநாதன் திரும்பிப் பார்த்தான். அவள் பகிடி விடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடம்?"

"என்னெண்டு சொல்லுறது? திரும்ப முதல்ல இருந்து போடுங்கோ, வரேக்க காட்டுறன்."